சரியான வேறு வழிக்கு மதிப்பெண் இல்லையா? ஒரு பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், பத்தாம் வகுப்புக் கணித, அறிவியல் ஆசிரியர்களுக்கும்,

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்த வாரத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை போட்டீர்கள். அதில் இரண்டு முடிவுகள் இருந்தன. வகுப்பு நோட்டில் உள்ள முறையைத் தவிர வேறு முறையில் போட்ட கணக்குக்கு இனி மதிப்பெண் இல்லை என்பது ஒன்று. பத்தாம் வகுப்புக்கு வாரம் ஒருமுறை இருந்த ஆய்வக வகுப்பு அரையாண்டு வரை கிடையாது என்பது இன்னொன்று. அந்த நேரத்தில் ஸ்லிப் டெஸ்ட் நடக்குமாம். செய்முறை ரெக்கார்டு நோட்டை, ஆசிரியர் பலகையில் தரும் அளவீடுகளைப் பார்த்து எழுதி முடிக்க வேண்டுமாம்.

இரண்டையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதல்வரை நேரில் பார்த்துச் சொன்னேன். "எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான் சார்" என்றார். அப்படியானால் இது நம் பள்ளியோடு முடிகிற விஷயமில்லை. அதனால்தான் பள்ளியின் பெயரைக் குறிப்பிடாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் மகளின் விடைத்தாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். (1, 1), (7, 3), (3, 6) ஆகிய புள்ளிகளை முனைகளாகக் கொண்ட முக்கோணத்தின் பரப்பு காண்க. இதுதான் கேள்வி, 5 மதிப்பெண். எந்த முறையில் காண வேண்டும் என்று கேள்வியில் இல்லை. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. புள்ளிகளின் ஆயத்தொலைவுகளை வரிசையாக எழுதி, குறுக்கே பெருக்கி, கழித்து, பாதியாக்க வேண்டும். அவள் அப்படிச் செய்யவில்லை. முக்கோணத்தை வரைந்து, அது கச்சிதமாக உள்ளே அடங்கும்படி ஒரு செவ்வகம் போட்டிருக்கிறாள். அகலம் 6, உயரம் 5, பரப்பு 30. செவ்வகத்தில் அந்த முக்கோணம் போக, ஓரங்களில் மூன்று செங்கோண முக்கோணங்கள் மிஞ்சுகின்றன. அவற்றின் பரப்பு 6, 6, 5. கூட்டினால் 17. முப்பதில் பதினேழு போக 13 சதுர அலகுகள். சூத்திரத்தில் போட்டாலும் அதே 13தான் வரும். போட்டுப் பாருங்கள்.

விடைக்கு மட்டும் 1 மதிப்பெண் கொடுத்து, படத்தின் மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. பக்கத்தில் "சூத்திரம் எங்கே?" என்று எழுதியிருந்தது.

அந்த யோசனை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு ஜாபுக்கு, அதாவது கடைந்து தர வேண்டிய பொருளுக்கு, விலை சொல்லும்போது, முதலில் முழுக் கட்டையின் எடையைக் கணக்கிடுவேன். பிறகு வெட்டி எடுக்கப்போகும் பாகங்களைத் துண்டு துண்டாகக் கழிப்பேன். சனிக்கிழமைகளில் அவள் பட்டறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறாள். கோணல்மாணலான உருவத்தை நேராக அளக்க முடியாவிட்டால், அதைச் சுற்றி நேரான ஓர் உருவத்தை வைத்து, வேண்டாததைக் கழித்துவிடலாம் என்று அங்கே பிடித்துக்கொண்டு, தேர்வறையில் ஆயத்தொலை வடிவியலில் பொருத்தியிருக்கிறாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இதைவிட நல்ல கணிதச் சிந்தனையைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியுமா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கும் அந்தச் சூத்திரத்தை நிறுவும்போதும், சரிவகங்களின் பரப்பைக் கூட்டிக் கழித்துத்தான் நிறுவுகிறோம். அவள் செய்ததும் அதே வேலைதான்.

கணித மிஸ்ஸிடம் கேட்டேன். கோபப்படாமல், அக்கறையோடுதான் பதில் சொன்னார். "பப்ளிக்ல கீயில இருக்கிற ஸ்டெப்புக்குத்தான் சார் மார்க் போடுவாங்க. உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவர் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஒரு கட்டு விடைத்தாளை இரவு உட்கார்ந்து திருத்துகிறவருக்கு, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வழியில் போனால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. "சூத்திரத்தைப் பயன்படுத்திக் காண்க" என்று கேள்வியிலேயே இருந்து, இவள் வேறு வழியில் போட்டிருந்தால் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயம். வழி தப்பாக இருந்து விடை மட்டும் தற்செயலாகச் சரியாக வந்திருந்தாலும் நியாயம்தான். இங்கே இரண்டும் நடக்கவில்லை.

அதற்கு அடுத்து வந்த ஸ்லிப் டெஸ்ட் தாளைப் பார்த்தேன். இன்னொரு முக்கோணக் கணக்கு. நோட்டில் உள்ளபடியே சூத்திரத்தில் போட்டு முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். தாளின் ஓரத்தில் பென்சிலில் ஒரு செவ்வகம் வரைந்து அழித்த தடம் இருந்தது. கேட்டதற்கு, "விடை சரியான்னு எனக்காகப் போட்டுப் பார்த்தேன்ப்பா, மிஸ் பார்த்தா திட்டுவாங்கன்னு அழிச்சிட்டேன்" என்றாள். தன் விடையைத் தானே இன்னொரு வழியில் சரிபார்க்கும் பிள்ளை, அதை ஒளித்து வைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டாள். உங்கள் சுற்றறிக்கை ஒரே மாதத்தில் செய்த வேலை இது.

ஒரே முறையைத் திரும்பத் திரும்பப் போட வைத்தால் என்ன ஆகும் என்பதை எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட ஆய்வு அது. மூன்று பாத்திரங்கள். 21, 127, 3 அளவு தண்ணீர் பிடிப்பவை. இவற்றை மட்டும் வைத்து 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127ஐ நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒருமுறையும் 3ஐ இரண்டு முறையும் ஊற்றிவிட்டால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளையே வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார். அப்புறம் 23, 49, 3 பாத்திரங்களைக் கொடுத்து 20 எடுக்கச் சொன்னார். 23இலிருந்து 3ஐ ஊற்றினால் முடிந்தது. பழக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 49ஐ நிரப்பி, 23ஐ ஊற்றி, 3ஐ இரண்டு தடவை ஊற்றித்தான் 20க்கு வந்தார்கள். முன்பயிற்சி இல்லாமல் வந்தவர்களுக்கோ சுருக்கு வழி எளிதாகக் கண்ணில் பட்டது. அடுத்து 28, 76, 3 கொடுத்து 25 கேட்டார். பழைய வழி இங்கே வேலை செய்யாது. 28இல் 3 போனால் 25, அவ்வளவுதான். ஆனால் பழகிப்போனவர்களில் பலரால் அதைக் கூடப் போட முடியவில்லை. அவர்கள் மந்தமானவர்கள் இல்லை. ஒரே தடத்தில் ஓட்டப்பட்டவர்கள்.

இதை நான் ஆய்வில் மட்டும் பார்க்கவில்லை, பட்டறையிலும் பார்க்கிறேன். ஐடிஐ, டிப்ளமோ முடித்து வரும் பையன்கள் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் குறுகும்படி கடைவதை டேப்பர் என்போம். ட்ராயிங்கில் பெரிய விட்டம் 40, சிறிய விட்டம் 30, நீளம் 100 மில்லிமீட்டர் என்று இருந்தால், சூத்திரத்தில் போட்டு, லேத்தில் வெட்டும் கருவியைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்டை 2 டிகிரி 52 நிமிடம் திருப்ப வேண்டும் என்று டேப்பர் கோணத்தைச் சொல்லிவிடுவார்கள். அதே ஜாபுக்கு ட்ராயிங்கில் "டேப்பர் 1:10" என்று மட்டும் போட்டிருந்தால் திகைத்து நிற்கிறார்கள். பத்து மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டம் குறைகிறது, நூறுக்குப் பத்து குறையும், ஆக இரண்டும் ஒன்றுதான். இதை யோசிப்பதற்கு முன்னால் "சார், இது எங்களுக்கு நடத்தலை" என்ற பதில் வந்துவிடுகிறது. நீளமான ஜாபாக இருந்தால் அதன் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைத் தள்ளி வைத்தும் டேப்பர் பிடிக்கலாம், குட்டையாக இருந்தால் காம்பவுண்ட் ரெஸ்ட்தான் சரி என்று, ஜாபைப் பார்த்து வழியை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு மாதக்கணக்கில் சொல்ல வேண்டியிருக்கிறது. கை வேலையை அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். தானாக யோசிக்கலாம், யோசித்தால் யாரும் அடிக்க வரமாட்டார்கள் என்ற தைரியம் வருவதற்குத்தான் அவ்வளவு நாள் ஆகிறது.

பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் திறனை ஒப்பிடும் பிசா (PISA) என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009 சுற்றுக்கு நீட்டிப்பாக நடந்த சுற்றில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான தேர்வு. மொத்தம் 74 நாடுகள், பகுதிகள். கணிதம், அறிவியல், வாசிப்பு மூன்றிலும் நாம் கடைசி வரிசையில் இருந்தோம். அதே காலத்தில் நம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் 80 சதவீதத்துக்கு மேல். கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை என்று அப்போது சமாதானம் சொன்னார்கள். பழக்கமில்லாத கேள்விக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யவில்லை என்பதுதான் என் புகாரே.

பழக்கமில்லாத கேள்வியைக் கேட்டுப் பார்த்த ஒரு பள்ளியில் என்ன நடந்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், பள்ளிக் கணிதப் போட்டி ஒன்றில் கூடுதல் கேள்வியாக, பிதாகரஸ் தேற்றத்துக்கு முக்கோணவியலைக் கொண்டு புதிய நிரூபணம் தருமாறு கேட்டார்கள். நெக்கியா ஜாக்சன், கால்சியா ஜான்சன் என்ற இரண்டு மாணவிகள் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 2023இல் அமெரிக்கக் கணிதவியலாளர் மாநாட்டில் தங்கள் நிரூபணத்தை முன்வைத்தார்கள். 2024இல் அது மேலும் சில நிரூபணங்களோடு ஆய்விதழில் வெளியானது. நூற்றுக்கணக்கான நிரூபணங்கள் ஏற்கெனவே இருக்கிற, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய தேற்றம். நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலும் உள்ள தேற்றம்தான். நம் பிள்ளை ஒன்று அதற்குப் புது நிரூபணம் எழுதினால், இன்றைய உங்கள் விதிப்படி அதற்கு எத்தனை மதிப்பெண்?

அறிவியல் பக்கம் வருகிறேன். இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

திருப்புத்திறன் தத்துவத்தைக் கொண்டு ஒரு பொருளின் எடையைக் காணும் சோதனை. மீட்டர் அளவுகோலை நடுவில் நூலால் தொங்கவிட்டு, ஒருபக்கம் தெரிந்த எடையையும் மறுபக்கம் தெரியாத எடையையும் கட்டி, சமநிலைக்கு வரும் தூரங்களைக் குறிக்க வேண்டும். ஆய்வக வகுப்பு நிறுத்தப்படுவதற்கு முன்பு கடைசியாக நடந்தது இதுதான். எடை எதையும் கட்டாமல் அளவுகோலை 50 சென்டிமீட்டரில் தொங்கவிட்டபோதே அது ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. நூலை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் 50.4இல் நேராக நின்றிருக்கிறது. "50.4ஐ நடுவாக வைத்துக்கொள்ளலாமா?" என்று என் மகள் கேட்டிருக்கிறாள். "50ன்னே எழுதும்மா, எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க" என்பது பதில். தூரங்களும் ஏற்கெனவே பலகையில் இருந்தன. வகுப்பு முழுவதும் ஒரே அளவீடுகள், ஒரே விடை.

அந்த அளவுகோல் ஒருமுனை தேய்ந்திருக்கலாம், மரம் சீராக இல்லாமல் இருக்கலாம். எப்படியானாலும் அதன் ஈர்ப்பு மையம் 50.4இல் இருக்கிறது. அங்கே தொங்கவிட்டால்தான் அளவுகோலின் சொந்த எடை கணக்கில் நுழையாது. அதாவது, அவள் கேட்டது அந்தச் சோதனையின் உயிரான கேள்வி. ஐந்து நிமிடம் அதைப் பேசியிருந்தால், ஈர்ப்பு மையம் என்றால் என்ன என்று அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் மறந்திருக்காது.

இந்த மாதிரிச் சின்ன வித்தியாசத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி. 1890களில் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்தெடுத்தது அவருடைய குடுவையில் 2.3102 கிராம் இருந்தது. வேதிச் சேர்மங்களிலிருந்து தயாரித்தது அதே குடுவையில் 2.2990 கிராம். ஏறத்தாழ 200இல் ஒரு பங்குதான் வித்தியாசம். விகிதமாகப் பார்த்தால் என் மகள் கண்ட வித்தியாசம் இதைவிடப் பெரியது. அவர் அதைச் சமன் செய்து எழுதிவிடவில்லை. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஆய்விதழில் கேட்டே எழுதினார். 1894இல் அவரும் வில்லியம் ராம்சேயும் சேர்ந்து ஆர்கானைக் கண்டுபிடித்தார்கள். காற்றில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தும் அதுவரை யாருக்கும் தெரியாத வாயு. 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு. "எல்லாரும் எழுதியதையே எழுது" என்று யாராவது அவரிடம் சொல்லி, அவரும் கேட்டிருந்தால்?

என் பட்டறையில் இருந்து பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் போகிறது. மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்க்காமல் ரிப்போர்ட்டில் அளவை எழுதுகிறவனை நான் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டேன். அளவு தப்பாக இருந்தால் திருத்தலாம், இல்லையென்றால் ஸ்கிராப்பில் போடலாம். பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதினால் மொத்த லாட்டும் திரும்பி வரும், பெயரும் போகும். வேலைக்கு வருகிறவனிடம் நான் பொறுக்காத ஒரு பழக்கத்தை, பள்ளி என் பிள்ளைக்கு ரெக்கார்டு நோட்டில் பழக்கிக் கொடுக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் இருப்பதே பிள்ளைகள் தொட்டுச் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே?

நான் கேட்பது புதிதாக எதுவுமில்லை. 2005 தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்புக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர், அப்போது சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஆர். ராமானுஜம். குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணிதக் கல்வியின் முதன்மையான நோக்கம் என்றது அந்தக் குழு. கணிதத்தின் மேல் உள்ள பயத்தையும் முரட்டுத்தனமான மதிப்பீட்டு முறையையும் முக்கியச் சிக்கல்களாக எடுத்துச் சொன்னது. அதற்கும் முன்னால், சென்னை முத்தியால்பேட்டை பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், மாதக் காலண்டரை வைத்தே எண்களின் விளையாட்டுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டியவர். ராயபுரத்தில் 1993இல் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைந்ததும் அவருடைய முயற்சியால்தான். காலண்டரில் எந்த மாதத்திலும் இரண்டுக்கு இரண்டாக நான்கு தேதிகள் கொண்ட கட்டம் ஒன்றை எடுத்து, குறுக்கே பெருக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் எப்போதும் 7 வரும். ஏன் என்று கேட்டால் இயற்கணிதம் தானாக வந்து நிற்கும். பணம் செலவில்லை, பத்து நிமிடம் போதும்.

பெற்றோரே மதிப்பெண்ணைத்தானே கேட்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், வாட்ஸ்அப் குழுவில் உங்கள் சுற்றறிக்கைக்குக் கட்டைவிரல் தூக்கியவர்கள் நிறையப் பேர். நானும் என் மகள் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். சூத்திரத்தை அவள் படிக்கட்டும், மனப்பாடமும் செய்யட்டும். சூத்திரம் தேர்வறையில் நேரத்தை மிச்சப்படுத்தும், கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அதோடு சொந்தமாக யோசிக்கவும் இடம் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றறிக்கையின் முதல் முடிவைத் திரும்பப் பெறுங்கள். கேள்வியில் முறை குறிப்பிடப்படாதபோது, காரணங்களோடு எழுதப்பட்ட எந்தச் சரியான வழிக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று எழுத்தில் அறிவியுங்கள். காலாண்டுக் கணித விடைத்தாள்களை அந்த அடிப்படையில் மறுபடி பாருங்கள். என் மகளுடையதை மட்டும் திருத்திக் கொடுத்து இதை முடிக்க வேண்டாம். அவளைப் போல வேறு வழியில் போட்டு மதிப்பெண் இழந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும்.

பொதுத்தேர்வில் சரியான மாற்று வழிக்கு மதிப்பெண் தரமாட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறீர்கள். அப்படி ஒரு விதி எழுத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதை நிறுத்துங்கள்.

ஆய்வக வகுப்பை அடுத்த வாரத்திலிருந்தே திரும்பக் கொண்டுவாருங்கள். ஸ்லிப் டெஸ்டுக்கு வேறு நேரம் பாருங்கள். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பிள்ளையும் தான் எடுத்த அளவீட்டையே எழுதட்டும். எதிர்பார்த்ததிலிருந்து அது விலகியிருந்தால், ஏன் என்று இரண்டு வரி எழுதச் சொல்லி, அந்த இரண்டு வரிக்கும் மதிப்பெண் கொடுங்கள். ஒவ்வொரு மாதத் தேர்விலும் "இரண்டு வழிகளில் தீர்க்கவும்" என்று ஒரே ஒரு கேள்வி வையுங்கள். ஆசிரியர்களுக்குத் திருத்தும் சுமை கூடும் என்றால், அந்த மாதம் ஒரு ஸ்லிப் டெஸ்டைக் குறைத்துவிடுங்கள். நாங்கள் யாரும் குறை சொல்ல மாட்டோம்.

ஆய்வகத்தில் கருவி போதவில்லை என்பது காரணமாக இருந்தால் சொல்லுங்கள். வெர்னியர் காலிப்பர்கள், எடைக்கற்கள், சரிபார்த்த அளவுகோல்கள் என் பட்டறையிலிருந்து தருகிறேன். பிள்ளைகளை அழைத்து வந்தால் ஒரு சனிக்கிழமை முழுவதும் இயந்திரத்தை அவர்களுக்காக ஒதுக்குகிறேன்.

இதற்கான பதிலை அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு முன்பாக, சுற்றறிக்கை போட்ட அதே குழுவில் எழுத்தில் போடுங்கள். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்று என் மகளின் விடைத்தாளையும் ரெக்கார்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை,
கணபதி, கோவை.